இறந்தவர்கள் பேசும் சனிக்கிழமை

"நான் செத்தப்போ எனக்கு இருபத்தாறு வயசு," என்றாள் வெல்டா, தன் கல்லறைமேல் கைவைத்தபடி. சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள். மரத்திலிருந்து மஞ்சள் இலைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன.

"இருபத்தாறாம்! முட்டி வலிக்குதுன்னு காலையில புலம்பினது யாரு?" பக்கத்துக் கல்லறையிலிருந்து குரல் வந்தது. போன நூற்றாண்டுக்கு முன்பே தூக்கில் தொங்கிய குதிரைத் திருடன்; அதாவது, அவன் வேஷத்தில் நின்ற தபால்காரர் கார்த். கூட்டம் சிரித்தது.

"தூக்குல தொங்கினவனுக்கு என்னய்யா பேச்சு? வாயை மூடிக்கிட்டு நில்லு."

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து ஹார்ட்வெல் நகரத்தில் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை மதியம் இப்படித்தான். ஊர்க்காரர்கள் வேஷம் கட்டி, கல்லறைக்கு ஒருவராக நின்று, செத்தவர்களாகவே பேசுவார்கள். யார் எதைக் கேட்டாலும் 'நான்' என்றே பதில் சொல்ல வேண்டும், வேஷத்தைக் கலைக்கக் கூடாது.

வெல்டாவாக நின்றவள் அவளுடைய மகள் நோரீன். வயது நாற்பத்தெட்டு. 1978 நவம்பரில் ஆற்றங்கரையில் கிடைத்தது அம்மாவின் கோட்டு மட்டும்தான், உடல் கிடைக்கவே இல்லை. அந்தக் கல்லுக்கு அடியில் இருப்பது வெறும் மண்.

கோட்டில்லாமல் நடுங்கியபடி வெல்டா ஆற்றுப்பாலத்தில் குழந்தையைத் தேடுகிறாள் என்று ஊரே சொல்லும். பார்த்ததாகச் சத்தியம் செய்பவர்களும் உண்டு. மாலை கவிந்ததும் அந்தப் பாலத்தில் யாரும் தனியாக நடப்பதில்லை.

ஊருக்கு அது பேய்க்கதை, நோரீனுக்கு நெஞ்சில் தைத்த முள். இரண்டு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு அந்தக் குளிரில் அம்மா ஏன் ஆற்றுக்குப் போனாள்? விஷயம் தெரிந்த யாராவது ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட மாட்டாரா என்றுதான் பன்னிரண்டு வருடமாக, வருடம் தவறாமல் செத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"பல்லெல்லாம் கிட்டிப்போச்சு கண்ணு."

"இப்பவும் பாலத்துல நிக்கிறீங்களா?"

"எங்க போறது? எனக்குன்னு வேற இடமா இருக்கு?" கூட்டத்தில் யாரோ தோளைக் குறுக்கிக்கொண்டார்கள்.

கூட்டத்தின் பின்னால் வெளியூர்க்காரி ஒருத்தி நின்றிருந்தாள், எழுபதைத் தாண்டியவள். வந்தவர்கள் எல்லாரும் கல்லில் இருந்த எழுத்தைப் படித்துப் படம் எடுத்தார்கள். அவள் கல்லின் பக்கமே திரும்பவில்லை, நோரீனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் கிழவி.

"கேளுங்க. செத்தவளுக்கு என்ன அவசரம்?"

"அன்னைக்குப் புள்ளைக்கு நெத்தி அப்படிக் கொதிச்சுச்சே. ஈரத் துணியைப் போட்டுட்டு, குழந்தையை விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சு?"

காய்ச்சலும் ஈரத் துணியும் எந்த வருடமும் நோரீனின் கதையில் வந்ததில்லை. அப்பா சாகும் முன் அவள் காதோடு மட்டும் சொன்னவை அவை.

கூட்டம் பதிலுக்குக் காத்திருந்தது. நோரீனுக்கு உள்ளே அழுகையும் ஆத்திரமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. பன்னிரண்டு வருடத்தில் முதன்முறையாக அவள் கல்லறையை விட்டு நகர்ந்து, கூட்டத்தை விலக்கி, கிழவியின் முன்னால் போய் நின்றாள்.

"அதை நீதான் சொல்லணும், அம்மா."