மேப்பிள் மரத்துக்கு ஒத்திகை

சிங்கப்பூரில், செங்காங் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத் தூண்களில் தங்கராஜு நீலக் குழாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“நடுவுல தொங்குதுங்க,” என்றாள் மனைவி மங்களம். “மரத்துலேர்ந்து குழாய்ல வடியிற மேப்பிள் சாறு அங்கேயே நின்னுடும்லா.”

“நின்னா என் மானம் போயிடும். இந்த வேலையில நான் கில்லாடின்னு கனடா சம்பந்திகிட்ட எப்பவோ அளந்து விட்டுட்டேன். இப்போ, ‘என் தோட்டத்துக்கு வந்து கட்டிக் குடுங்க’ன்னுட்டாரு.”

“யூடியூப் கில்லாடி! மாட்டிக்கிட்டா?”

“சீசன் முடிஞ்சா கழட்டுற குழாய்தானே! சொந்தத் தோட்டம் வெச்சிருக்காரு, வருஷா வருஷம் அவரே கட்டியிருப்பாரு. முதல் மரத்தை அவரையே கட்டச் சொல்லிப் பார்த்துக்குவேன்.”

போன் அடித்தது. கனடாவிலிருந்து மகள் கவிப்ரியா.

“அப்பா, சீக்கிரம் கிளம்புங்க. என் மாமனாருக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. உங்களை நம்பித்தான் தோட்டத்தையே வாங்கினாரு. இன்னைக்கு வேலையையும் விட்டுட்டாரு!”