பக்கம் புரட்டுகிறவன்

அவள் தலையை அசைத்தாள்.

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

அவள் கண் மேலிருந்து கீழே ஓடியது. மறுபடி அசைத்தாள். மறுபடி புரட்டினேன்.

என் பெண்டாட்டி டயாலிசிஸ் கட்டிலில் கிடக்கும் வரை இதுதான் என் வேலை. அவளுக்கு ஒரு கையில் ஊசி. அசைத்தால் மிஷின் கத்தும். இன்னொரு கை நடுங்கும், தம்ளரையே பிடிக்காது. அதனால் அவள் படிக்கும் கௌபாய் காமிக்ஸை நான்தான் விரித்துப் பிடிக்க வேண்டும்.

அவள் பத்தாவது. நான் மூன்றாவதோடு நின்றவன். நான் எழுத்துக் கூட்டி முதல் கட்டத்தைத் தாண்டுவதற்குள் அவள் தலையை அசைத்துவிடுவாள். படம் பார்ப்பதோடு என் படிப்பு சரி.

புத்தகம் பக்கத்துக் கட்டில் மாசிலாமணியுடையது. ஜவுளிக்கடையில் மேனேஜராக இருந்தவராம். இந்த நிலைமையிலும் மீசைக்கு டை.

சும்மா எவனாவது புத்தகம் கொடுப்பானா? அதுவும் அட்டை போட்டு, ஓரம் மடங்காமல் பூட்டி வைத்திருக்கிறவன்?

கொடுத்தார். அவர் முடித்தது இவளுக்கு வரும். பிறகு என் தலைக்கு மேலே பேச்சு நடக்கும்.

"அந்தத் தொப்பிக்காரனுக்கு அவ்வளவு திமிர் ஆகாது, செண்பகம்."

"திமிர் இல்ல சார், பயம். பயத்தை மறைக்கத்தான் அவ்வளவு வாய்."

"அட. எனக்கு இது தோணவே இல்லையே."

அவள் சிரிப்பாள்.

செண்பகம். நானே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து 'இந்தா'தான்.

வீட்டில் என்னிடம் அவளுக்குப் பேச இருப்பது உப்பும் மாத்திரையும். இங்கே வந்தால் எவனோ ஒரு தொப்பிக்காரனின் மனசைப் பற்றி இவ்வளவு பேச்சு.

நான் நடுவில், ஸ்டூலில். நானும் அதே பக்கத்தைத்தானே பார்த்தேன். ஒருத்தரும் கேட்டதில்லை.

மாசிலாமணிக்குத் துணைக்கு ஆள் கிடையாது. நெஞ்சின் மேல் ஒரு சாய்பலகை வைத்துக்கொள்வார். மரத்தில் அவரே செய்தது. புத்தகம் நிற்க ஒரு கிளிப்.

"உங்களுக்கும் ஒண்ணு செஞ்சு கொண்டாறேன், செண்பகம். விரலால தள்ளினா போதும், பக்கம் போயிரும். பாவம், அண்ணனுக்குக் கை கடுக்கும். வெளியே போய் ஒரு டீ குடிக்கலாம்ல."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்து அவள் தலையை அசைத்தபோது இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன்.

தெரிந்தேதான்.

அந்தப் பக்கத்தில் தொப்பிக்காரன் திடீரென்று ஆற்றில் நனைந்து கிடந்தான். அவள் கண் தடுக்கியது. என்னை ஏறிட்டாள். நான் மிஷினைப் பார்த்தேன்.

மேலே படித்தாள்.

நர்ஸ் பி.பி. பார்க்க வந்த நேரத்தில், நான் மறைத்ததைப் பிரித்துப் பார்த்துக்கொண்டேன்.

புத்தகம் முடிந்ததும் மாசிலாமணி ஆரம்பித்தார்.

"பாலத்துல வச்சு அந்தக் கூட்டாளி செஞ்சது துரோகம்தானே?"

"எந்தப் பாலம் சார்?"

"கயித்துப் பாலம். அறுத்து விட்டானே."

அவள் முழித்தாள். அவர் சிரித்தார்.

"நடுவுல தூங்கிட்டீங்க போல."

அவள் முகம் சிறுத்துப்போனது. நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். இனிக்கும் என்று நினைத்திருந்தேன்.

அவள் புத்தகத்தை மறுபடி கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"பாலத்துல என்னங்க ஆச்சு? நீங்க பாத்திருப்பீங்களே."

அங்கே என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. படம் தெரியும்.

"அந்தக் கூட்டாளி மொதல்லேர்ந்து தொப்பிக்காரன் கூடவே வர்றான். குதிரைக்குத் தண்ணி காட்டுறான். மூட்டை சுமக்கிறான். ஒருத்தரும் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. பாலத்துல தொப்பிக்காரனும் அந்தப் பொண்ணும் பேசிக்கிட்டே முன்னால போறாங்க. இவன் பின்னால நிக்கிறான். கையில கத்தி. அறுத்துட்டான்."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அறுத்த பெறகு அவன் மூஞ்சியைப் பாத்தா, விழுந்தவன் அவன்தான்னு நெனப்பே."

மாசிலாமணி பலகையைத் தாழ்த்தினார். "அப்படி இல்லையே அண்ணே. தங்கத்துக்காகத்தான் அறுத்தேன்னு அவனே சொல்றானே."

"சொல்வான்" என்றாள் அவள்.

அவரைப் பார்த்துச் சொல்லவில்லை.



அடுத்த தடவை சாய்பலகை வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெருகேற்றியிருந்தார். குறை சொல்ல இடம் தேடினேன். பாவி மனுஷன், வைக்கவில்லை.

"ரொம்ப நன்றி சார்."

வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன் மேல் வைத்தாள்.

புதுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

விரித்துப் பிடித்தேன். படித்தாள். அசைத்தாள். புரட்டினேன்.

அந்தப் பக்கம் முழுக்க ஒரே படம், எழுத்தே இல்லை. மலைச்சரிவில் ஒரு வீடு தீப்பிடித்து எரிகிறது. வாசலில் யாரோ நிற்கிறார்கள்.

அவள் என்னை ஏறிட்டுவிட்டு, நீங்களே பாருங்கள் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

தலையை அசைத்தாள்.

நான் அவசரப்படவில்லை. வாசலில் நிற்பது யார் என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, பிறகுதான் புரட்டினேன்.