நாலாவது வழி

"ஏ புள்ள வேலுத்தாயி! இன்ஸ்பெக்டர் ஐயா என்ன கேட்டாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது. திறந்தே, தொலிய உரிச்சுப்புடுவேன்!"

நாலாம் வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். அவளைப் போய்க் கடைசி வரிசையில் தள்ளி உட்கார வைத்தார் லட்சுமிகாந்தம் வாத்தியார்.

நேற்று, 'ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் முறைகள்' பாடம். கரையை உயர்த்தலாம், மரம் நடலாம், அணை கட்டலாம் என்று மூன்றைச் சொல்லி முடித்தார். "இன்னொண்ணும் இருக்கு சார்" என்று எழுந்து, நாலாவதைச் சொல்லிவிட்டாள் இந்தப் பிள்ளை. இன்ஸ்பெக்டர் முன்னாலும் அதைச் சொல்லிவிடுவாளோ என்றுதான் இந்த மிரட்டல்.

அது ஐம்பத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி. இரண்டு நாளாக விடாத மழை. வைப்பாறு கரையைத் தொட்டு ஓடுகிறது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரோடு பஞ்சாயத்து பிரசிடெண்ட் சங்கையாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் நினைத்தால் வாத்தியாருக்கு நாளைக்கே வேறு ஊர். வேலுத்தாயின் அப்பனுக்கும் அவர் புஞ்சைக் காட்டில்தான் வேலை. வாத்தியார் பயந்தது தனக்காகவா, அவனுக்காகவா, அவருக்கே தெரியாது.

"வெள்ளம் வந்தா எப்படித் தடுக்கிறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மூன்று பிள்ளைகள் மூன்றையும் ஒப்பித்தார்கள்.

"வேற? கடைசி வரிசையில யாரது? நீ சொல்லும்மா."

வாத்தியார் கண்ணை உருட்டினார். பிள்ளை ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தது. அழுதுவிட்டது.

"எங்க தெருப் பக்கம் கரைய வெட்டி விடணும் சார். அப்பத்தான் ஊருக்குள்ள தண்ணி வராது. போன வருசம் அப்படித்தான் வெட்டுனாக. இன்னைக்கும் வெட்டுவாகன்னு எங்கம்மா சட்டி பானையெல்லாம் கட்டி வச்சிருக்கு."

போச்சு! வாத்தியார் பிரசிடெண்டைப் பார்த்தார்.

சங்கையா முகம் கறுத்தது. "சின்னப் புள்ளைக என்னத்தையாச்சும் உளறும். எங்க ஊர்ல அந்த வழக்கமே கிடையாதுங்க!"

"அதானே! தப்பான விடை. உட்காரு!" என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர்.

'பெரிய மனுசனுக்குப் பெரிய மனுசன்தானே பரிஞ்சு பேசுவான்' என்று வாத்தியாருக்கே மனசு கசந்தது.

கிளம்பும்போது பார்வையாளர் புத்தகத்தைப் பிரசிடெண்டிடம் நீட்டினார் இன்ஸ்பெக்டர். "இப்பச் சொன்னதை அப்படியே இதுல எழுதிருங்களேன். ஊருக்குப் பெருமைதானே!"

எப்படி மறுப்பது? 'எங்கள் ஊரில் கரையை வெட்டும் வழக்கம் இல்லை. இனியும் வெட்ட மாட்டோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் சங்கையா.

"தேதியும் போட்டுருங்க. சாத்தூர் போனதும் தாசில்தார்கிட்ட ஒரு நகல் குடுத்துருதேன்."

அந்த மழையிலும் பிரசிடெண்டுக்கு வியர்த்தது.

குடை பிடித்தபடி வழியனுப்ப வந்த வாத்தியார் மெல்லக் கேட்டார். "அந்தப் பிள்ளை சொன்னது நிசம்னு ஐயாவுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எங்க ஊர்லயும் எங்க தெருப் பக்கந்தான் வெட்டுனாக. எங்க அக்காவைத் தண்ணி கொண்டு போயிருச்சு. அவுககிட்ட எழுதி வாங்க, அன்னைக்கு எங்க தெருவுல எழுத்துத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் இல்ல, வாத்தியாரே."