தோட்டாவுக்குக் கணக்கு

"ரூத்து மறுபடியும் முதலாளிகிட்ட துப்பாக்கிக் கதை கேக்க உக்காந்துருச்சுண்ணே!"

மொக்கையன் இருமிக்கொண்டே சொன்னான். மேலூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் கல் அறுப்பவன். காலையில் போடும் மாஸ்க் மதியத்துக்குள் தூசியில் அடைத்துப்போகும். ஆனால் வாரத்துக்கு ஒன்றுதான். மிச்சமெல்லாம் முதலாளி அழகுராஜாவின் அலமாரியில் பெட்டி பெட்டியாகப் பூட்டிக் கிடந்தது.

"மாஸ்க்கைப் பத்திப் பேசச் சொன்னா, இந்தப் புள்ள அவருக்கு ஐஸ் வச்சுக்கிட்டு இருக்கு" என்றான் கூடவே கல் அறுக்கும் பால்பாண்டி.

கணக்கு எழுதும் ரூத்தின் காதில் இது விழாமலா இருக்கும்? அவள் அசையவில்லை.

முதலாளிக்குப் பழைய துப்பாக்கி என்றால் சோறு தண்ணி வேண்டாம். யூடியூபில் பார்த்ததை யாரிடமாவது கொட்டியாக வேண்டும்.

"அப்பல்லாம் ஒருவாட்டி சுட்டா, கையால இழுத்துத் தள்ளித்தாம்மா அடுத்த தோட்டாவை ஏத்தணும். அதுக்குள்ள எதிரி போட்டுருவான்."

"அப்புறம் எப்படி சார் தானா ஏறுச்சு?"

"அங்கதான் மூளை! வெடிக்கிறப்ப வர்ற புகை சும்மாதான போகுது? ஒருத்தன் குழாய்ல சின்ன ஓட்டையைப் போட்டு, அந்த வேகத்தை வச்சே பின்னால தள்ள விட்டான். காலித் தோட்டா வெளிய, புதுசு உள்ள. சிப்பாய் விசையை மட்டும் அமுக்குனா போதும்."

"அம்புட்டு நல்லதை உடனே எல்லாருக்கும் குடுத்துருப்பாங்களே?"

"எங்க குடுத்தாங்க! கனம், விலைன்னு என்னென்னவோ சொன்னாங்க. சில அதிகாரிக என்ன சொன்னாங்க தெரியுமா? கையில குடுத்தா சிப்பாய்க தோட்டாவை வீணாக்கிருவானுகளாம்!" மேசையை ஓங்கித் தட்டினார். "உசுரைக் குடுத்து நிக்கிறவன்கிட்ட தோட்டாவுக்குக் கணக்குப் பாக்குறான். அவனெல்லாம் மனுசனா?"

வெளியே மொக்கையனின் இருமல் கேட்டது.

"மாஸ்க் பெட்டியை வெளிய வைக்கலாமான்னு போன வாரம் கேட்டேன் சார்," என்றாள் ரூத் மெதுவாக. "வீணாக்கிருவானுகன்னு நீங்களும் அதையேதான் சொன்னீங்க."

அழகுராஜா மேசை இழுப்பறையைத் திறந்தார். அலமாரிச் சாவியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

மாஸ்க் பெட்டியோடு வந்தவளைப் பால்பாண்டி ஒரு மாதிரியாகப் பார்த்தான். "என்னம்மா, கதை முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுண்ணே. நமக்கு வேண்டிய இடம் வர்ற வரைக்கும் கேக்க வேண்டியதாப் போச்சு."