துண்டு போட்டாச்சு

ஒரு துப்பறியும் தொடரின் ரசிகர்களுக்காக அண்ணன் பதினோரு வருடம் இணையக் குழு நடத்தினார். தொடர் முடிந்தே ஒன்பது வருடம் ஆகிறது. யார் என்ன எழுதினாலும், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல் "துண்டு போட்டாச்சு" என்று முதல் பின்னூட்டம் போட ஓர் ஆள் இருந்தார். பெயர் தெரியாது, எல்லோருக்கும் அவர் துண்டுக்காரர். அண்ணனால் ஒருமுறைகூட அவரை முந்த முடிந்ததில்லை.

ஒரு ஞாயிறு காலை குழுவை மூட உட்கார்ந்தார். முதல் வேலையாக நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் நீக்கினார்.

"எல்லாரையும் வெரட்டிட்டு ஓட்டப்பந்தயம் வெக்கிறீங்களா?" என்றார் அண்ணி.

"ஒரே ஒரு தடவ ஜெயிச்சுக்கறேனே."

விடைபெறும் பதிவைப் போட்டார். மூச்சுவிடாமல் கீழே "துண்டு போட்டாச்சு" என்று தட்டினார். அது இரண்டாவது பின்னூட்டமாக விழுந்தது. முதலாவது: "மன்னிக்கணும் அட்மின், துண்டு போட்டாச்சு."

அண்ணன் குழுவை அழித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் ஈரத்துண்டு ஒன்று விரித்துப் போட்டிருந்தது.

"யாரோடது இது?"

"நம்ம வீட்ல பச்சைத் துண்டே கெடையாதே," என்றார் அண்ணி.

மூன்று வாரமாக அண்ணன் நின்றுகொண்டேதான் வேலை பார்க்கிறார். துண்டு இன்னும் காயவில்லை.