உலக்கை விழும் வரை

பித்தளைத் தாம்பாளத்து மஞ்சள் தண்ணீரில் உலக்கை செங்குத்தாக நின்றது. கிரகணம் விட்டால் அது தானாக விழும்.

சோலைமுத்து மாடுகளைப் பூட்டி, வண்டியில் வைக்கோல் பரப்பி வைத்திருந்தான். வடமதுரை போய்த் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அவன் மனைவி பொன்னழகு அறைக்குள் இருந்தாள். எட்டு மாதம். கதவு சாத்தியிருந்தது.

நேற்றுச் சாயங்காலம் நர்ஸ் இன்னாசியம்மாள் வந்து அவள் காலை அழுத்திப் பார்த்தார். விழுந்த குழி அப்படியே நின்றது. கையில் பட்டை சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார்.

“ரத்தக் கொதிப்பு ஏறிக் கெடக்கு. விடியவும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. கண்ணு மங்குதுன்னு அவ சொன்னாள்னா செத்த நேரமும் வச்சிருக்கக் கூடாது.”

விடிந்ததும் கிரகணம் பிடித்துக்கொண்டது.

“உதடு பெளந்து பிள்ளை பெறந்தா ஒன் நர்சம்மாவா வந்து வளக்கப் போறா?” என்றாள் அவன் தாய் ஒச்சம்மாள். மருமகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஓட்டு இடுக்கு, சன்னல் சந்து எல்லாவற்றையும் சோலைமுத்துதான் பழந்துணி திணித்து அடைத்தான். ஒரு பொட்டு வெளிச்சம் அவள்மேல் படக் கூடாது.

“தலை பெளக்குது மாமா” என்றாள் உள்ளேயிருந்து.

சற்றுக் கழித்து, “ஒரே இருட்டா இருக்கு” என்றாள்.

இருட்டாகத்தான் இருக்கும்.

“செத்த பொறு” என்றான்.

வேப்பமர நிழலில் பிறை பிறையாகக் கிடந்த வெயில் துளிகள் வட்டமாகிவிட்டன. கோழிகள் இறங்கி மேயத் தொடங்கின. உலக்கை விழவில்லை.

“விட்டுருச்சு ஆத்தா.”

“ஒலக்கை சொல்லட்டும் அப்பு. நீ சொல்லாத.”

தலை முழுகத் தண்ணீர் இறைக்க ஒச்சம்மாள் கிணற்றடிக்குப் போனாள். அவள் முதுகு மறையும்வரை நின்றான். பிறகு உலக்கையைக் காலால் எத்தினான்.

தாம்பாளம் உருண்டு அடங்குமுன் ஓடிப்போய்க் கதவை முழுதாகத் தள்ளினான்.

பொன்னழகு நிலைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. வீங்கிய இமைகளுக்கு நடுவே கண்கள் திறந்திருந்தன. கூசவில்லை.

“ஒலக்கை விழுந்த சத்தம் கேட்டுச்சே மாமா” என்றாள். “இன்னும் ஏன் கதவைத் தெறக்கல?”