அணைக்கரையில் பெண் பார்த்த கதை

“ஏலே காளீஸ்வரா, கொக்க அப்புறமாப் பாத்துக்கலாம்லே. கார்ல உக்காந்திருக்கிற புள்ளய ஒரு தடவ பாரு!”

லட்சுமிகாந்தம் மகன் காதில் சீறினாள். சேற்றில் குப்புறப் படுத்திருந்த மகன் பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அது கொக்கு இல்லம்மா, ஊசிவால் வாத்து. பங்குனி பொறந்தா ஊரப் பாத்துப் போயிரும்.”

“உனக்குத்தாம்லே வயசு போயிரும்! முப்பத்து நாலு!”

வெம்பக்கோட்டை அணைக்கரைக்குப் பெண் பார்க்க வந்த முதல் குடும்பம் அநேகமாக இவர்களுடையதுதான். சிவகாசியில் அச்சாபீஸ், சொந்த வீடு, கெட்ட பழக்கம் எதுவுமில்லாத ஒரே பையன். இருந்தும் ஏழு இடம் தட்டிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்றால் காளீஸ்வரனுக்குக் குளமும் கண்மாயும்தான். பெண் பார்க்க யார் வீட்டுக்கும் வர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்பான். தாயில்லாத சாத்தூர்ப் பெண் பிரீத்தியின் வீட்டில்தான், “அதனால என்ன, நாங்களே அணைக்கு வாறோம்” என்றார்கள். லட்சுமிகாந்தம் குலசாமிக்குத் தேங்காய் உடைத்தாள். இந்த இடமும் போனால் தெருவில் தலைகாட்ட முடியாது. தெருவோ அதற்குத்தான் காத்திருந்தது.

அவள் வீட்டுக்காரர் அவசர ஆர்டர் என்று சொல்லி அச்சாபீஸிலேயே பதுங்கிவிட்டார். பெண் வீட்டார் தரவேண்டிய கேசரி, பஜ்ஜியைக்கூட இவளே செய்து கொண்டுவந்து, பூத்தட்டோடு காரின் மேல் பரப்பியிருந்தாள்.

பெண்ணின் அப்பா ரத்தினசாமி, பட்டாசுக் கம்பெனி முதலாளி. அவர் கழுத்திலும் ஒரு பைனாகுலர் தொங்கியது. மாப்பிள்ளையை மயக்குவதற்காக வாங்கியிருப்பார், பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, இந்த வருச ஆர்டரெல்லாம் எப்படி?”

“ஸ்ஸ்... கத்தாதீக தங்கச்சி! கூழைக்கடா இறங்குது.”

சொன்னவர் வெள்ளை வேட்டியோடு காளீஸ்வரன் பக்கத்தில் சேற்றில் படுத்தார்.

“மாமா, அந்தா, வலது பக்கம்!”

“பாத்துட்டேன் மாப்ளே, பாத்துட்டேன்!”

மாமா, மாப்பிள்ளை வரைக்கும் போயாயிற்று. பெண்ணின் பெயராவது இவனுக்குத் தெரியுமா? லட்சுமிகாந்தம் தலையில் அடித்துக்கொண்டாள்.

மத்தியானமாயிற்று. பட்டுப்புடவைக் கரை சேறாயிற்று. பஜ்ஜியைக் காக்கை தூக்கிப் போயிற்று. அந்தக் காக்கையை ஏறிட்டுப் பார்க்கத்தான் சேற்றில் கிடந்த இரண்டு பேருக்கும் மனமில்லை. பிரீத்தியோ காரைவிட்டே இறங்கவில்லை. கொட்டாவி விடுவதும், கைபேசியைத் தடவுவதும், மறுபடி கொட்டாவியுமாக இருந்தாள். எட்டாவது இடமும் கைவிட்டுப் போவதை லட்சுமிகாந்தம் கண்ணாரக் கண்டாள்.

பொறுக்கமாட்டாமல் கார்க் கதவைத் திறந்தாள்.

“தாயி, நீ வேண்டாம்னு சொன்னாலும் நான் வருத்தப்பட மாட்டேன். அவன் உன் மூஞ்சியக்கூடப் பாக்கல. கட்டிக்கிட்டீன்னா, சாகுறவரைக்கும் ஞாயித்துக்கெளம இந்தச் சேத்துலதான்.”

பிரீத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எனக்குச் சம்மதம் அத்தே.”

“என்னது! இவ்வளவுக்கும் பெறகா?”

“தரகர் காட்டுன போட்டோவுல அவுக கழுத்துல பைனாகுலரப் பாத்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அணைக்கே வாறோம்னு சொல்லச் சொன்னதும் நாந்தான். பத்து வருசமா ஞாயித்துக்கெளம விடிஞ்சா, எங்கப்பா கூட்டுக்கு ஆளில்லன்னு என்னத்தான் எழுப்பி இங்கன இழுத்துட்டு வாறாக. இனிமே அவுக ரெண்டு பேரும் வரட்டும்த்தே, நாம தூங்குவோம்!”